வெளிநாட்டு அறையில் முள்ளெலி வளர்க்கலாமா என்று கேட்ட தம்பிக்கு, கடலூரிலிருந்து

வில்லியனூரிலிருந்து பிரிட்டனில் உள்ள லீட்ஸுக்குப் படிக்கப் போயிருக்கும் தம்பி ஒருவர், அறையில் தனியாக இருக்க முடியவில்லை அண்ணா, ஒரு முள்ளெலி வாங்கட்டுமா என்று கேட்டிருந்தார். ஒரு வரியில் பதில் போட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. நான் அதே நாட்டில் லெஸ்டரில் ஏழு வருடம் இருந்தேன், அதில் நாலு வருடம் ஒரு முள்ளெலியோடு. இப்போது மஞ்சக்குப்பத்துக்கே திரும்பி வந்துவிட்டாலும் இரவு பதினோரு மணிக்கு ஒரு சக்கரம் சுற்றும் சத்தத்தைக் காது இன்னும் தேடுகிறது.

வீட்டில் போனில் சொல்லும்போது முள்ளம்பன்றி என்று சொல்லிவிடாதீர்கள், அம்மா பயந்துபோவார். முள்ளம்பன்றி பெரிய கொறிக்கும் பிராணி, இது அந்த இனமே கிடையாது. உள்ளங்கைக்குள் சுருண்டுகொள்ளும், வளர்ந்தாலும் பெரும்பாலும் அரைக் கிலோவுக்குள்தான் இருக்கும், பூச்சி தின்னும். கடையில் விற்பது ஆப்பிரிக்கக் குள்ள முள்ளெலி. நம் தென் மாவட்டத்து வறண்ட காடுகளிலும் முள்ளெலி உண்டு, கக்குவான் இருமலுக்கு அதன் முள்ளைச் சுட்டுத் தேனில் குழைத்துக் கொடுப்பார்கள். அது காட்டு உயிர், பிடித்து வளர்க்கக் கூடாது.

வாங்குவதற்கு முன் சட்டத்தைப் பாருங்கள். பிரிட்டனில் ஆப்பிரிக்க வகையை வளர்க்க உரிமம் வேண்டாம், ஆனால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவிலும் வளர்க்கவே கூடாது. அமெரிக்காவில் ஊருக்கு ஊர் மாறும். கலிபோர்னியாவிலும் நியூயார்க் நகரத்திலும் தடை. பாண்டிச்சேரியிலிருந்து பிரான்ஸ் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அங்கே தோட்டத்தில் திரியும் முள்ளெலி சட்டப் பாதுகாப்பில் இருப்பது, அழகாக இருக்கிறதே என்று வீட்டுக்குள் தூக்கி வந்துவிடாதீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முள்ளெலியைக் கொல்வது குளிர்தான். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், கடலூர் வெயிலில் வளர்ந்த நமக்கு ஒரு பிராணிக்குச் சூடு காசு கொடுத்து வாங்க வேண்டும் என்பதே தோன்றாது. கூண்டுக்குள் இரவும் பகலும் 24 முதல் 28 டிகிரி வரை இருக்க வேண்டும். 18-க்குக் கீழே போனால் அது குளிர்கால உறக்கத்துக்குப் போகப் பார்க்கும். ஐரோப்பிய முள்ளெலி இலையுதிர் காலத்திலேயே கொழுப்புச் சேர்த்து அதற்குத் தயாராகிவிடும், ஆப்பிரிக்க வகையின் உடம்பு அதற்கு ஆனதில்லை, அப்படியே உயிர் போய்விடும்.

எனக்கு இரண்டாவது ஜனவரியில் நடந்தது. எங்கள் அறையில் முன்கூட்டிப் பணம் கட்டும் மின் மீட்டர், நடு இரவில் காசு தீர்ந்துவிட்டது, நான் தூங்கிக்கொண்டிருந்தேன். காலையில் கையில் எடுத்தால் உருண்டையாக, வயிற்றுப் பக்கம் ஜில்லென்று இருந்தது. சட்டைக்குள் என் வயிற்றோடு வைத்து, மேலே அம்மா கொடுத்தனுப்பிய கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு கால் அசைந்தது, அப்புறம் மூக்கு வெளியே வந்தது, அதன் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அந்த நிலையில் சுடுதண்ணீரில் போடக் கூடாது, மெதுவாகத்தான் சூடேற்ற வேண்டும், கண் திறந்ததும் நேராக மருத்துவரிடம் போக வேண்டும். அதனால் முதலில், சூட்டை ஒரே அளவில் நிறுத்திவைக்கும் தெர்மோஸ்டாட்டோடு கூடிய பீங்கான் ஹீட்டர் வாங்குங்கள், கூண்டுக்குள் ஒரு வெப்பமானி வையுங்கள், ஒரு வாரம் அது சரியாக நிற்கிறதா என்று பாருங்கள், முள்ளெலி அதற்கு அப்புறம் வரட்டும்.

இரவில் அது ஏறி ஓட ஒரு சக்கரம் கட்டாயம், குறைந்தது 28 சென்டிமீட்டர் விட்டம், கம்பி இல்லாத மூடிய தளம். கம்பியில் கால் மாட்டி ஒடியும். தரையில் துணி விரிப்பு போதும், பைன், சிடார் மரத்தூள் வேண்டாம். சாப்பாட்டுக்குக் கொழுப்புக் குறைந்த, புரதம் மிகுந்த பூனைத் தீனி, நடுவில் கொஞ்சம் புழு, சிள்வண்டு. பால் ஒத்துக்கொள்ளாது. வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் கிட்டவே வேண்டாம், அதனால் நாம் சாப்பிடும் குழம்புச் சோற்றைப் பாசத்தில் நீட்டாதீர்கள். தொட்டதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். கூண்டைச் சமையலறைப் பக்கம் வைக்காதீர்கள்.

முதல் மாதம் உங்களைப் பார்த்துச் சீறும், உருளும். நீங்கள் போட்ட பழைய பனியன் ஒன்றை அதன் படுக்கையில் போட்டு வையுங்கள், வாசனை பழகும். ஒருநாள் தேங்காய் எண்ணெய் தடவிய கையோடு தூக்கினேன், என் விரலை நக்கிவிட்டு வாயில் நுரை கட்டி, கழுத்தைத் திருப்பி முதுகு முள்ளெல்லாம் பூசிக்கொண்டது. வலிப்பு என்று பதறிவிட்டேன். புது வாசனை கண்டால் அது அப்படித்தான் செய்யும், நோய் கிடையாது. ஆனால் பின்கால் தள்ளாடினால் தள்ளிப்போடாதீர்கள். இந்த இனத்தில் நரம்பு நோய் ஒன்று வருகிறது, அதற்கு மருந்து இல்லை. கட்டியும் அடிக்கடி வரும். எல்லாக் கால்நடை மருத்துவரும் இதைப் பார்க்க மாட்டார்கள், பார்க்கிறவர் உங்கள் ஊரில் யார் என்று வாங்கும் முன்பே விசாரித்துப் பதிந்துவையுங்கள்.

இன்னொன்று, பொங்கலுக்கு ஊருக்கு வருவீர்கள் இல்லையா? அங்கே அதுதான் கடுங்குளிர்க் காலம். அந்த மூன்று வாரம் தினமும் மீட்டரையும் வெப்பமானியையும் பார்க்கும் ஆள் யார்? அந்தப் பெயர் இப்போதே மனதில் வரவில்லை என்றால் இந்த வருடம் வாங்க வேண்டாம் தம்பி. வீட்டுக்குப் பின்னால் தோட்டம் இருந்தால், சாயங்காலம் ஒரு தட்டில் தண்ணீரும் கொஞ்சம் பூனைத் தீனியும் வையுங்கள், வேலியின் அடியில் 13 சென்டிமீட்டர் அளவில் ஒரு சதுர ஓட்டை விட வீட்டுக்காரரைக் கேளுங்கள். ஏப்ரல் வாக்கில், இருட்டினதும், ஊர்க்கார முள்ளெலி தானே வரக்கூடும்.