மார்கரெட் ரிவர்: இன்னும் கூட்டம் தாங்குமா?

தென்மேற்கன்:
மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த்திலிருந்து தெற்கே சுமார் 270 கி.மீ. தள்ளி இருக்கும் ஒயின் ஊரான மார்கரெட் ரிவருக்கு இன்னும் அதிகமாகப் பயணிகளை அழைக்க வேண்டும் என்று இங்கே சிலர் எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. இங்குள்ள தட்பவெப்பம் ஒயின் திராட்சைக்கு ஏற்றது என்று வேளாண் விஞ்ஞானி ஜான் கிளாட்ஸ்டோன்ஸ் 1960களின் நடுவில் எழுதினார். 1967இல் டாக்டர் டாம் கலிட்டி வாஸ் ஃபீலிக்ஸ் என்ற தோட்டத்தில் திராட்சைக் கொடி நட்டார். ஊருக்குப் பேர் வந்தது அப்படித்தான். இன்று வீடுகள் விடுமுறை வாடகைக்குப் போகின்றன. கவாத்து செய்கிறவருக்குத் தங்க இடமில்லை.

அலைக்காரி:
கொடியால் மட்டுமா பேர் வந்தது? அலைச்சறுக்குக்காரர்களை விட்டுவிட்டீர்களே. அப்புறம், சின்னத் தோட்டக்காரரின் கணக்கைப் பாருங்கள். பெரிய கடைக்குப் பாட்டிலைக் கொடுத்தால் இடையில் இருப்பவர்களின் பங்கு போக மிச்சம் கொஞ்சம்தான். தோட்டத்துக்கே வந்து ருசி பார்த்து வாங்குகிறவர் முழு விலை தருகிறார். இங்குள்ள லீவின் எஸ்டேட் என்ற ஒயின் தோட்டம் 1985இல் லண்டன் பில்ஹார்மோனிக் இசைக்குழுவைத் தன் புல்வெளிக்கே அழைத்து வந்தது. ஒயினும் சுற்றுலாவும் அன்றிலிருந்தே கைகோத்துத்தான் வந்திருக்கின்றன.

மர்ரிப்பூ:
மூன்று பருவம் அங்கே தோட்ட வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். மர்ரி என்கிற உள்ளூர் மரம் நன்றாகப் பூக்கும் வருடம் சில்வர்ஐ குருவிகள் தேனுக்குப் போய்விடும். பூக்காத வருடம் திராட்சைதான் அவற்றுக்குச் சாப்பாடு. எப்படிப் பூக்கும் என்று காத்திருக்க முடியாது, வரிசை வரிசையாக வலை போட்டாக வேண்டும். அந்த வேலை மும்முரமாக நடப்பது கோடையில், பள்ளி விடுமுறை நேரத்தில். ஆள் அதிகம் தேவைப்படும் அதே வாரங்களில் ஊரில் ஒரு அறைகூடக் கிடைக்காது. இரண்டாம் வருடம் நான் காரில்தான் தூங்கினேன்.

அலைக்காரி:
அதை மறுக்கவில்லை. ஆனால் அதற்காகப் பயணிகளைத் தடுக்கலாமா? விடுமுறை வீட்டை நீண்டகால வாடகைக்கு மாற்றினால் 10,000 டாலர் தருவதாக 2023 கடைசியில் மாநில அரசு அறிவித்ததே.

தென்மேற்கன்:
கடலோர வீட்டுக்காரருக்கு அது ஒரு கோடைக்காலத்து வருமானம். எத்தனை பேர் மாற்றுவார்கள்?

மர்ரிப்பூ:
சரி, பயணிகளை நிறுத்த வேண்டாம். ருசி பார்க்கும் கூடம் கட்ட இடம் இருக்கிற தோட்டத்தில் நாலு தொழிலாளர் அறைகள் கட்டவும் இடம் இருக்கும். புதுக் கூடத்துக்கு அனுமதி தரும்போதே அதையும் நிபந்தனையாக வைக்கட்டும். அலைக்காரி, இதற்கு நீங்கள் சம்மதிப்பீர்களா?

அலைக்காரி:
பெரிய தோட்டங்களுக்கு என்றால் சம்மதம். ஐந்து ஏக்கர் வைத்திருப்பவரிடம் கேட்காதீர்கள்.