ஏப்ரல் 2 அன்று பத்து நிமிடம் பேச வேண்டும், யோசனை சொல்லுங்கள்

வணக்கம். என் மகனுக்கு ஒன்பது வயது, ஆட்டிசம் உண்டு. ஏப்ரல் 2 உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாள், 2007-இல் ஐ.நா. அறிவித்தது. அன்று எங்கள் குடியிருப்புக் கூட்டத்தில் பேச எனக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். அந்த நாளின் அடையாளமாக நீல விளக்கு போடுவதோடு முடித்துவிட மனமில்லை.

போன மாதம் ஒரு பிறந்தநாள் விழாவில் பாட்டுச் சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு கத்தினான். "வளர்ப்பு சரியில்லை" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சாதாரண சத்தமே அவனுக்குப் பல மடங்காகக் கேட்கும், கையை உதறுவது தன்னை அமைதிப்படுத்திக்கொள்ளத்தான் என்பதையெல்லாம் எப்படிச் சொன்னால் மனதில் நிற்கும்? அப்புறம், மற்ற பிள்ளைகள் விளையாட்டில் சேர்த்துக்கொள்ள உங்கள் அனுபவத்தில் எது பலித்தது?

ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் இங்கே இருந்தால் உங்கள் பதில்தான் எனக்கு முக்கியம். பரிதாபம் வரவழைக்கும் பேச்சு மட்டும் வேண்டாம்.