பேவா ஏரியில் மச்சபுச்சரே: பிம்பம் கருத்துப்போகாமல் எடுப்பது எப்படி?

கேள்வி
வணக்கம். நவம்பர் நடுவில் நேபாளத்தின் பொக்காராவுக்குப் போகிறேன். கைவசம் இரண்டு விடியற்காலைகள். பேவா ஏரியின் தென்கரையிலிருந்து மச்சபுச்சரே முகடும் தண்ணீரில் அதன் பிம்பமும் ஒரே படத்தில் வேண்டும். ஃபுல் ஃபிரேம் கேமரா, 24-70 லென்ஸ், ட்ரைபாட், போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டர்), 3 ஸ்டாப் கிராட் ஃபில்டர் (மேல்பாதி மட்டும் இருண்டது; ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகும்) இருக்கின்றன. மற்ற ஏரிகளில் எடுத்தபோது பனி வெளுத்தது, பிம்பம் கருத்தது, ஃபோகஸும் பிம்பத்தில் மட்டும் மங்கல். எதை மாற்ற வேண்டும்?

பதில் 1
முதலில் போலரைசரைக் கழற்றுங்கள். பிம்பத்தைத் தின்பது அதுதான். போதாக்குறைக்கு மலை ஏறக்குறைய நேர் வடக்கே இருக்கிறது, சூரியனோ அந்த மாதத்தில் தென்கிழக்கே எழும். ஒளி பக்கவாட்டில் வருவதால் வைட் லென்ஸில் வானத்தின் ஒரு பகுதி மட்டும் திட்டாகக் கருக்கும்.

3 ஸ்டாப் கிராடும் அதிகம். ஒளியில் பெரும்பகுதி தண்ணீருக்குள் இறங்கிவிடுவதால், பிம்பம் மலையைவிட ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை இருண்டிருப்பதுதான் இயல்பு. 3 ஸ்டாப் போட்டால் பிம்பம் மலையை மிஞ்சிப் பளிச்சென்று பொய்யாகத் தெரியும். 2 ஸ்டாப் சாஃப்ட் கிராட் சரியாக வரும். அது இல்லையென்றால் ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாத கோப்பு) இரண்டு ஷாட்: ஒன்று பனிக்கு, அடுத்தது ஒன்றரை ஸ்டாப் கூட்டி. பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

பனி வெளுப்பதைப் பொதுவான ஹிஸ்டோகிராமில் (படத்தின் ஒளி அளவைக் காட்டும் வரைபடம்) பார்த்தால் பிடிபடாது. இளஞ்சிவப்பு வெளிச்சத்தில் முதலில் முட்டுவது சிவப்பு சானல்தான், அதைத் தனியாகப் பாருங்கள். ஒயிட் பேலன்ஸை (நிறச்சாயலைச் சரிக்கட்டும் அமைப்பு) ஆட்டோவில் விட்டால் அந்தச் சிவப்பையே கழுவிவிடும். 5200 கெல்வினில் நிறுத்துங்கள்.

பதில் 2
ஃபோகஸ் மங்கலுக்குக் காரணம் தண்ணீரின் மேற்பரப்பில் ஃபோகஸ் செய்வது. பிம்பம் மேற்பரப்பில் இல்லை. லென்ஸுக்கு அதுவும் மலை இருக்கும் தூரத்தில், அதாவது சுமார் 30 கி.மீ. அப்பால்தான். முகட்டில் ஃபோகஸ் செய்து மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள், எஃப் 8 போதும். முன்னால் கல் ஏதாவது வேண்டுமென்றால் அதற்குத் தனி ஷாட்.

இன்னொன்று: ஏரி மட்டத்திலிருந்து முகடு 6,250 மீட்டர் உயரம். அந்தத் தூரத்தில் அது சுமார் 12 டிகிரி மேலே தெரியும், பிம்பத்தின் நுனி அதே அளவு கீழே. ஆக மொத்தம் 24 டிகிரி. படுக்கைவாட்டில் 50 மி.மீ. தாண்டினால் ஒரு நுனி வெட்டுப்படும். 70 மி.மீ. வேண்டுமென்றால் கேமராவைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடிக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்
நன்றி. கேமராவைத் தண்ணீரை ஒட்டித் தாழ்த்தினால் பிம்பம் பிரகாசமாகும் என்கிறார்களே?

பதில் 2
தூரத்து மலைக்கு அது பொருந்தாது. ஒளி வரும் கோணம் மாறாததால் பிரகாசமும் மாறாது. மாறுவது தண்ணீரின் எந்த இடத்திலிருந்து பிம்பம் வருகிறது என்பதுதான். கேமரா ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால் முகட்டின் நுனி ஏழு மீட்டர் முன்னால் உள்ள தண்ணீரில் விழும். 40 செ.மீ.க்குத் தாழ்த்தினால் இரண்டே மீட்டரில். பேவாவில் ஆகாயத்தாமரை அதிகம். கரையோரம் அது மண்டிக் கிடந்தால் தாழ்த்துவது கெடுதல்தான், உயர்த்திக்கொள்ளுங்கள்.

சாய்வைச் சரிபார்க்க எதிர்க்கரையை நம்பாதீர்கள், அது வளைந்து போகிறது. முகட்டின் நுனியும் பிம்பத்தின் நுனியும் ஒரே செங்குத்துக் கோட்டில் நிற்கிறதா பாருங்கள்.

பதில் 3
நேரம் பற்றி: நவம்பர் நடுவில் உதயம் ஆறரை மணி வாக்கில். முகடு உயரத்தில் இருப்பதால் பத்து நிமிடம் முன்னதாகவே சிவக்கத் தொடங்கும். ஐந்தே முக்காலுக்கு ட்ரைபாட் நின்றாக வேண்டும். முதல் படகு கிளம்பியதும் அலை வந்துவிடும், வெயில் ஏறினால் காற்றும் சேர்ந்துகொள்ளும்.

சிற்றலை வந்தபின் என்டி ஃபில்டர் (ஒளியைக் குறைக்கும் இருண்ட ஃபில்டர்) போட்டு 30 வினாடி எடுத்தால் கண்ணாடி போன்ற பிம்பம் திரும்பி வராது. பிம்பம் மேலும் கீழும் இழுபட்டு நிறம் மட்டும் மிஞ்சும், மலையின் மடிப்புகள் போய்விடும். அதைவிட 1/60க்கு மேல் வேகம் வைத்து, ஐஎஸ்ஓ 400 வரை ஏற்றி, அலைகளுக்கு நடுவே வரும் அமைதிக்காகக் காத்திருந்து வரிசையாக எடுங்கள்.

கரைச்சேற்றில் ட்ரைபாட் கால் மெல்ல மெல்ல இறங்கும். ஒவ்வொரு காலையும் அழுத்தி ஊன்றுங்கள், நடுத்தண்டை ஏற்ற வேண்டாம். வெளியே இருந்து குளிர்ந்துபோன லென்ஸ் ஏரிப்பனியில் மூடிக்கொள்ளும், துடைத்தாலும் திரும்ப மூடும். கேமராவை முன்னதாகவே வெளியே எடுத்துக் குளிரவிடாமல், எடுக்கும் நேரம் வரை பைக்குள் சூடாக வைத்திருங்கள்.