வெள்ளிக்கிழமை வரப்போகும் நாய்க்குட்டி

குழு: மஞ்சக்குப்பம் வீடு

சரவணன், காலை 7:10
எல்லோருக்கும் வணக்கம். முத்தியால்பேட்டையில் செல்வி அத்தை வீட்டு மாடிப்படிக்கு அடியில் தெருநாய் ஈன்ற நான்கு குட்டிகளில் ஒன்றை நாங்கள் வளர்ப்பதாக முடிவு செய்திருக்கிறோம். வியாழக்கிழமையோடு அதற்கு எட்டு வாரம் நிறைகிறது; மறுநாள் கடலூருக்கு அழைத்து வரலாம் என்று எண்ணுகிறேன். அதற்குள் வீட்டில் எதையெல்லாம் மாற்ற வேண்டும் என்று சொல்லுங்கள்.

செல்வி அத்தை, 7:14
இன்றைக்கே வந்து எடுத்துக்கொண்டு போ. என் வீட்டில் ஒரு செருப்புகூட முழுதாக இல்லை.

தாமோதரன் பெரியப்பா, 7:41
செல்வி, அவசரப்படாதே. எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி தன் உடன்பிறப்புகளோடு புரண்டு விளையாடித்தான் கற்றுக்கொள்கிறது. அதனால் எட்டு வாரம் தாயோடு இருக்கட்டும். சரவணா, நீ முதலில் வாசலில் இருக்கும் அரளியைக் கவனி. பூசைக்குப் பூ வேண்டும் என்பதற்காக அம்மா அதை வெட்ட விடமாட்டார்கள். ஆனால் அதன் இலை, பூ, பட்டை எல்லாமே நஞ்சு, இதயத் துடிப்பையே குலைத்துவிடும் என்பதால், செடியைச் சுற்றி முழங்கால் உயரத்துக்காவது கோழி வலை கட்டிவிடு. கேட்டின் கீழ்க் கம்பிகளுக்கும் அதே வலையைக் கட்டு. தலை நுழைகிற இடைவெளியில் குட்டி உடலையும் நுழைத்துவிடும். துணி அலமாரியில் உள்ள அந்துருண்டை, குளியலறை ஃபினாயில், கொசுவர்த்திச் சுருள் ஆகியவற்றை மேல்தட்டுக்கு ஏற்று. எலிக் கேக் வீட்டுக்குள் எங்குமே இருக்கக் கூடாது.

குமார் சித்தப்பா, 7:43
சரி.

தாமோதரன் பெரியப்பா, 7:44
தம்பி, இந்தக் குழுவில் முழு வாக்கியமாக எழுதுவது என்று பொங்கலன்று எல்லோரும் ஒப்புக்கொண்டோம்.

குமார் சித்தப்பா, 7:52
அண்ணன் கூறியவை அனைத்தும் சரி என்று இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.

செல்வி அத்தை, 7:53
எலிக் கேக் என்ற சொல்லைக் குமார் இரண்டு முறை படித்தால் நல்லது.

குமார் சித்தப்பா, 7:55
நான் அதைப் பரண்மேல்தான் வைத்தேன். கீழே இழுத்து வந்தது எலி. இத்தனை வருடம் கழித்தும் மணியைக் கொன்றவன் நான்தானா?

தாமோதரன் பெரியப்பா, 8:20
யாரும் உன்னைக் குற்றம் சொல்லவில்லை. அந்த வகை மருந்து உடனே கொல்லாது. இரத்தம் உறையும் தன்மையை மெல்ல மெல்ல இல்லாமல் செய்யும். அதனால்தான் மணி இரண்டு நாள் ஒன்றும் நடக்காததுபோல் வாலாட்டிக்கொண்டு திரிந்தது. மூன்றாம் நாள் ஈறில் இரத்தம் கசிந்தபோது, எலும்பு குத்தியிருக்கும் என்று நாம் மஞ்சள் தடவினோம். தின்ற அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் வைட்டமின் கே கொடுக்கத் தொடங்கியிருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு. இனிமேல் எதையாவது தின்றுவிட்டது என்ற சந்தேகம் வந்தால், அறிகுறிக்காகக் காத்திராமல் அந்தப் பொட்டலத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.

கயல், 8:31
ஆயா பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்கிறார்கள்: மணி பதினோரு வருடம் சாம்பார் சோறு தின்றுதான் வளர்ந்தது, அதை யாரும் மறக்க வேண்டாம்.

தாமோதரன் பெரியப்பா, 8:40
அம்மாவிடம் பணிவோடு சொல், கயல். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை அழிக்கக்கூடியவை. வெந்தாலும் அந்தக் குணம் போகாது. பாயசத்துத் திராட்சை அதைவிட மோசம், சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். வெறும் சோறும், உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்த கோழிக்கறியும் கொடுக்கலாம். எலும்பை மட்டும் நீக்கிவிட வேண்டும்.

கயல், 8:46
சொல்லிவிட்டேன். “வாத்தியார் பாடத்தை அவனோடு வைத்துக்கொள்ளட்டும்” என்று பதில் வந்தது.

நிலா, 9:05
நான் இன்று காலையில் நாய்க்குட்டி மாதிரி முட்டி போட்டுக் கூடம் முழுவதும் தவழ்ந்து பார்த்தேன். ஆயா கட்டிலுக்கு அடியில் பாதி உடைந்த இரத்த அழுத்த மாத்திரை ஒன்று, துருப்பிடித்த ஊக்கு ஒன்று, என்னுடைய தலைமுடி ரப்பர் மூன்று கிடைத்தன. டிவிக்குப் பின்னால் இருக்கும் ஒயர் சரியாக என் மூக்குக்கு நேரே தொங்குகிறது.

தாமோதரன் பெரியப்பா, 9:09
நான் எழுதிய அனைத்தையும்விட இது பயனுள்ள செய்தி. அந்த ஒயரைக் குழாய்க்குள் விட்டுச் சுவரோடு ஆணியடித்துவிடுங்கள்.

சரவணன், 9:30
இன்னொரு கவலையும் இருக்கிறது. போன மாதம் பக்கத்து வீட்டுக் குட்டி வாந்தியும் இரத்தப்போக்குமாக இறந்தது. அதுவும் நம்முடைய பொதுப் பின்கட்டில்தான் திரிந்தது.

செல்வி அத்தை, 9:38
நான் குருமாம்பேட்டைக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் குட்டியைக் கொண்டுபோய் முதல் தடுப்பூசி போட்டுவிட்டேன். பதினாறு வாரம் வரை மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை தொடர வேண்டுமாம். வெறிநோய்க்கான ஊசி மூன்று மாதத்தில். பக்கத்து வீட்டுக் குட்டிக்கு வந்தது பார்வோ என்ற வைரஸ் நோய் என்றால் அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் இருக்குமாம், ஃபினாயில் ஊற்றினால் போகாதாம். ஊசிகள் முடியும்வரை பின்கட்டில் இறக்காதே.

சரவணன், 9:45
அப்படியானால் பின்கட்டுக் கதவையே மூடி வைக்கிறோம். ஆனால் தண்ணீர்த் தொட்டியை என்ன செய்வது என்பதையும் இப்போதே பேசிவிடலாம்.

(குழுவில் 40 நிமிடம் யாரும் எழுதவில்லை.)

குமார் சித்தப்பா, 10:26
2011இல் தானே புயலில் பலா மரம் விழுந்து மூடி உடைந்தபோதே, பாதிப் பணம் தருகிறேன் என்று சொன்னவன் நான்.

தாமோதரன் பெரியப்பா, 10:31
சொன்னாய். ஆஸ்பெஸ்டாஸ் துண்டைப் போட்டு, அதன்மேல் ஆட்டுக்கல் குழவியை வைத்தது நான். குழவி ஒரு பக்கமாக உருண்டால் அந்தத் துண்டு குட்டியின் கனத்தைக்கூடத் தாங்காது.

கயல், 10:33
நிலா அதன்மேல் ஏறி முருங்கை பறிப்பதைப் போன வாரம்தான் பார்த்தேன்.

செல்வி அத்தை, 10:34
ஒரு நாய்க்குட்டி வர வேண்டியிருந்திருக்கிறது, உங்கள் இரண்டு பேருக்கும்.

குமார் சித்தப்பா, 10:50
நெல்லிக்குப்பத்தில் எனக்குத் தெரிந்த கொத்தனார் இருக்கிறார். புதன்கிழமை வரச் சொல்கிறேன். இரும்பு மூடியா, சிமெண்ட் மூடியா என்பதை அண்ணன் சொல்லட்டும்.

தாமோதரன் பெரியப்பா, 10:58
உப்புக்காற்றில் இரும்பு நிற்காது. இருந்தாலும் சிமெண்ட் மூடியை மாதம் ஒருமுறை யார் தூக்கித் தொட்டி கழுவுவது என்பதையும் யோசிக்க வேண்டும். மாலையில் நேரில் வந்து அளவு பார்க்கிறேன்.

நிலா, 11:12
குட்டிக்குப் பெயர் யாருமே சொல்லவில்லை.

கயல், 11:15
மணி என்று மட்டும் வேண்டாம் என்று ஆயா சொல்கிறார்கள்.

குமார் சித்தப்பா, 11:16
சரி.