கேம்ப்ரிட்ஜ் லெப்பர் சேப்பல் உள்ள போய்ப் பாத்தவங்க இருக்கீங்களா?

வணக்கம் மக்களே, அடுத்த மாசம் அப்பா அம்மாவ கேம்ப்ரிட்ஜ் கூட்டிட்டுப் போறேன், எல்லாரும் கிங்ஸ் காலேஜ் சேப்பலத்தான் சொல்றாங்க, அதுவும் பாக்கணும்தான், ஆனா எனக்கு நியூமார்க்கெட் ரோட்டுல ரயில் பாதை ஓரமா இருக்கற லெப்பர் சேப்பல்ங்கற சின்ன பழைய சர்ச் மேலதான் ஆச. 1125 வாக்குல தொழுநோய் ஆஸ்பத்திரிக்காகக் கட்டினது, அந்த ஆஸ்பத்திரி செலவுக்கு வருமானம் வரட்டும்னு இங்கிலாந்து மன்னர் ஜான் சந்தை நடத்த அனுமதி குடுத்தாராம், அதுதான் பின்னாடி ஸ்டூர்பிரிட்ஜ் சந்தைன்னு ஐரோப்பாவுலயே பெரிய சந்தைகள்ல ஒண்ணா வளந்துச்சு. கடைசில சேப்பலையே சந்தைக்கடை சாமான் போடற குடோனா ஆக்கிட்டாங்க, கேக்கவே கஷ்டமா இருக்கு, ஆனா அதனாலதான் இடிபடாம தப்பிச்சிருக்கும்னு தோணுது.

உள்ள பாக்க எந்த நாள் திறந்திருக்கும், முன்னாடியே யார்கிட்டயாவது சொல்லி வைக்கணுமா? அம்மாவுக்கு முட்டி வலி, ஸ்டேஷன்லேருந்து பஸ் வசதியா இருக்குமா இல்ல டாக்ஸிதானா? ரவுண்ட் சர்ச், அப்புறம் யுனிவர்சிட்டிக்கே மூத்த கோபுரம் இருக்கற செயின்ட் பெனட்ஸ் சர்ச், ரெண்டையும் அதே நாள்ல சேத்துக்கலாமா? சேப்பல் ஜன்னல சுத்தி இருக்கற ஜிக்ஜாக் செதுக்கல் கிட்டக்க எடுத்த போட்டோ இருந்தா கமெண்ட்ல போடுங்க ப்ளீஸ்.