இரத்த அழுத்த மாத்திரையுடன் லியன்ஹுவா சிங்வென் கொடுக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம். பினாங்கில் எங்களுடன் வசிக்கும் என் தந்தைக்கு மூன்று நாட்களாகச் சளியும் காய்ச்சலும் இருக்கின்றன. எங்கள் மீது மிகுந்த அன்பு கொண்ட பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி, லியன்ஹுவா சிங்வென் என்னும் சீன மூலிகை மருந்தின் கேப்ஸ்யூல் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, மூன்று வேளையும் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்.

சார்ஸ் பரவலுக்குப் பின், 2004இல் சீனாவில் அங்கீகாரம் பெற்ற இம்மருந்தில் 13 பொருட்கள் சேர்கின்றன. அவற்றுள் இரண்டுதான் என்னைத் தயங்க வைக்கின்றன. மா ஹுவாங் என்னும் மூலிகையில் உள்ள எபெட்ரின், இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் கூட்டக்கூடியது. மற்றொன்று நாம் நன்கறிந்த அதிமதுரம். அளவு மிஞ்சினால் அது உடலில் உப்பையும் நீரையும் தங்கவைத்து, பொட்டாசியத்தைக் குறைக்கும். தந்தையோ இரத்த அழுத்தத்திற்காக ஹைட்ரோகுளோரோதயசைடு மாத்திரை உண்கிறார். அதுவும் பொட்டாசியத்தைக் குறைப்பதுதான் என்பதால், இரண்டும் சேர்ந்தால் என்னாகுமோ என்று அஞ்சி, பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை.

இத்தகைய மாத்திரை உண்பவர்களுக்கு இம்மருந்தைப் பற்றி மருத்துவரோ மருந்தாளரோ கூறிய அறிவுரை உங்களில் எவருக்கேனும் கிடைத்திருந்தால், அருள்கூர்ந்து தெரிவியுங்கள். காய்ச்சல் தணிந்தபின் எதிர்ப்புச் சக்திக்காக யூ பிங் ஃபெங் சான் கொடுக்கலாம் என்றும் பாட்டி சொல்கிறார். ஹுவாங் சீ, பாய் சூ, ஃபாங் ஃபெங் ஆகிய மூன்றே மூலிகைகள் கொண்ட அதில் மேற்சொன்ன இரண்டும் இல்லை. எனினும், வயதானவர்களுக்குக் கொடுத்த அனுபவம் உள்ளவர்கள் எழுதினால் பேருதவியாக இருக்கும். பெட்டியின் மேல் அனைத்தும் சீன எழுத்தில் இருப்பதால், அதை வாசித்துச் சொல்லக்கூடியவர் இருந்தால் படம் அனுப்புகிறேன். நாளை காலை மருத்துவரிடம் செல்லும்போது அந்த விவரங்களைக் கையோடு கொண்டுபோக விரும்புகிறேன்.