வெளிநாட்டுச் சரக்கால வேலை போனப்போ டிஏஏங்கிற அமெரிக்க அரசு உதவி வாங்கினவங்க இருக்கீங்களா? என் அனுபவம் இது

நான் ஓஹயோல இருக்கேன், சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். நாத்தனார் ஸ்பான்சர் பண்ணி கிரீன் கார்டுல குடும்பத்தோட வந்தோம். இங்கிலீஷ் சரியா வராது, அதனால சர்க்யூட் போர்டு செய்யற ஒரு ஃபேக்டரில சால்டரிங் வேலைக்குச் சேர்ந்தேன், ஒம்பது வருஷம் ஓடிருச்சு. 2016ல எங்ககிட்ட போர்டு வாங்கிட்டு இருந்தவங்க ஒவ்வொருத்தரா சீனாலருந்து எறக்க ஆரம்பிச்சாங்க, மூணு ஷிஃப்ட் ரெண்டாச்சு, ரெண்டு ஒண்ணாச்சு, அக்டோபர்ல எங்க லைனையே மூடிட்டாங்க.

ட்ரேட் அட்ஜஸ்ட்மென்ட் அசிஸ்டன்ஸ், அதான் டிஏஏனு ஒண்ணு இருக்குனு சொன்னது பக்கத்து டேபிள்ல இருந்த வியட்நாம் அக்காதான். கென்னடி காலத்துல 1962ல வந்த திட்டம், இறக்குமதியால வேலை போனவங்களுக்குன்னே இருந்தது. அப்போ யூனியன் இல்லைன்னாலும் பரவால்ல, மூணு தொழிலாளிங்க சேர்ந்து கையெழுத்துப் போட்டு பெட்டிஷன் போட முடிஞ்சுது. அந்த அக்கா, நான், மெஷின் ஷாப்புல இருந்த ஒரு வெள்ளக்காரத் தாத்தா, இப்படி மூணு பேர். கம்பெனிக்கு எதிரா கையெழுத்துப் போட்டா கிரீன் கார்டுக்கு ஏதாச்சும் வில்லங்கம் வந்துருமோனு ரெண்டு நாள் தூக்கமே இல்ல எனக்கு. அப்படி எதுவும் வரலங்க. இது கேஸ் இல்ல. லேபர் டிபார்ட்மென்ட் கம்பெனிகிட்ட கணக்கு கேட்டுச்சு, கம்பெனியோட கஸ்டமர்கிட்டயும் வெளிநாட்டுலருந்து எவ்வளவு வாங்குறீங்கனு கேட்டுச்சு, அதுதான் காரணம்னு தெரிஞ்சதும் எல்லாருக்கும் சேர்த்து சர்டிஃபை பண்ணாங்க, அதாவது உதவி வாங்கத் தகுதி இருக்குனு உறுதி பண்ணாங்க. நாங்க மூணு பேர் போட்ட கையெழுத்துல லைன்ல இருந்த அத்தனை பேருக்கும் கிடைச்சுது.

முக்கியமானது 26 வாரக் கணக்கு. சர்டிஃபை ஆன நாள், வேலை போன நாள், ரெண்டுல எது பின்னாடி வருதோ அதுலருந்து 26 வாரத்துக்குள்ள ட்ரெய்னிங்ல சேரணும், இல்ல வெய்வர், அதாவது ட்ரெய்னிங்ல சேராம இருக்க விலக்கு, வாங்கணும்னு அப்போ ரூல் இருந்துச்சு. விட்டுட்டா, அன்எம்ப்ளாய்மென்ட் காசு தீர்ந்தப்புறம் வாராவாரம் வந்த டிஆர்ஏங்கிற டிஏஏ உதவிப் பணம் கிடைக்காமப் போயிரும். என்கூட வேலை பார்த்த ஒரு பொண்ணு இப்பதான் காசு வந்துட்டு இருக்கேனு மெதுவா போனா, தேதி தாண்டிருச்சு, ஜாப் சென்டர் வாசல்ல கார்லயே உக்காந்து அழுதா. அந்தத் தேதியை ஒருத்தர் அவகிட்ட நல்லா அழுத்திச் சொல்லிருக்கலாம்.

ஜாப் சென்டர்ல டெஸ்ட் வச்சாங்க, எனக்கு படிக்கிறதுல மார்க் ரொம்பக் கம்மி. அவ்வளவுதான்னு நெனச்சேன், ஆனா இங்கிலீஷ் கிளாஸையும் ட்ரெய்னிங்ல சேர்த்துக் காசு கட்டினாங்க. அது முடிச்சு கம்யூனிட்டி காலேஜ்ல சிஎன்சி மெஷினிங், அதாவது கம்ப்யூட்டர் வச்சு ஓட்டற மெஷின்ல உலோகம் வெட்டற வேலை, படிச்சேன். ஃபீஸ், புஸ்தகம், சேஃப்டி ஷூ எல்லாம் அவங்களே. மைக்ரோமீட்டர் கூட வாங்கிக் குடுத்தாங்க, சின்ன மரப் பெட்டில, மூடியைத் தொறந்தா மிஷின் ஆயில் வாசம் வரும். 44 வயசுல முதல் தடவை அதுல ஒரு இஞ்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு அளந்து பார்த்தேன், கை நடுங்குச்சு. இன்னைக்கும் வேலைக்கு அதைத்தான் எடுத்துட்டுப் போறேன்.

நார்த் கரோலினாலருந்து ஒருத்தர்:
அக்கா சொன்னது சரி, ஆனா வயசானவங்களுக்கு வேற வழி ஒண்ணு இருந்துச்சு, அதைப் பலபேர் கேக்கவே மாட்டாங்க. ஃபர்னிச்சர் ஃபேக்டரி மூடினப்போ எனக்கு 56, இனிமே போய் என்ன படிக்கறது. மணிக்கு 21 டாலர் வாங்கிட்டு இருந்தவன் 15.50க்கு ஒரு குடோன்ல சேர்ந்தேன். 50 வயசு தாண்டி, புது வேலைல வருஷம் 50,000 டாலருக்குக் கம்மியா வாங்கினா, பழைய சம்பளத்துக்கும் புதுசுக்கும் உள்ள வித்தியாசத்துல பாதியை அப்போ டிஏஏல குடுத்தாங்க, ரெண்டு வருஷத்துல மொத்தம் 10,000 டாலர் வரைக்கும். சம்பளச் சீட்டை ஒழுங்கா அனுப்பிட்டே இருக்க வேண்டியிருந்துச்சு, நம்ம பக்கம் லேட்டானா காசும் லேட்டாச்சு. அந்தப் பணம்தான் வீட்டு லோனைக் கட்டுச்சு, பொய் சொல்லல.

மிச்சிகன்லருந்து இன்னொருத்தர்:
ரெண்டு பேரும் எழுதினதைப் படிச்சப்போ வயித்தெரிச்சலா இருந்துச்சு, உங்க மேல இல்ல. நாங்களும் மூணு பேர் கையெழுத்துப் போட்டோம், ஆனா 2022 செப்டம்பர்ல. அந்த வருஷம் ஜூலை 1லருந்து புதுசா யாருக்கும் சர்டிஃபை பண்ற அதிகாரமே இல்லாமப் போச்சு, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அந்தத் திட்டத்தை நீட்டிக்கல. பெட்டிஷனை வாங்கிக்கிட்டாங்க, விசாரணை ஆரம்பிக்கவே இல்ல. முன்னாடியே சர்டிஃபை ஆன பக்கத்து டவுன் ஆளுங்க காலேஜுக்குப் போயிட்டு இருந்தாங்க, நாங்க செஞ்சதும் கார் பார்ட்ஸ்தான், அவங்க செஞ்சதும் கார் பார்ட்ஸ்தான். எங்க மாநிலத்துல அப்ப அன்எம்ப்ளாய்மென்ட் 20 வாரம்தான். ஜாப் சென்டர்ல வேலை போனவங்களுக்கு டிஸ்லொகேட்டட் வொர்க்கர் திட்டம்னு இன்னொண்ணு இருக்கு, அதுல லாரி லைசென்ஸ் கிளாஸுக்குக் காசு கட்டினாங்க, அதுக்கு நன்றி சொல்லணும், ஆனா வாராவாரம் சோத்துக்குக் காசு அதுல இல்ல. பகல்ல கிளாஸ், ராத்திரி குடோன், பிள்ளைங்க முழிச்சிருக்கும்போது நான் வீட்ல இருந்ததே ஞாயித்துக்கிழமை மட்டும்தான். இப்ப வேலை போனவங்க யாராச்சும் இதைப் படிச்சா டிஏஏக்காகக் காத்திருக்காதீங்க, நாளைக்கே போய் அந்தத் திட்டத்தைப் பேர் சொல்லிக் கேளுங்க.